புதுப்பிப்பு: தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைக்கும் பழக்கம்

போன மாதம் கேட்டிருந்தேன்: கிளிநொச்சியில் வீட்டிலிருந்து பள்ளிச் சீருடை தைக்கிறேன், ஒரு தையல் கோணினாலும் முழுதையும் பிரித்து, இரவு ஒரு மணிவரை இருக்கிறேன், என்ன செய்யலாம் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னவற்றில், மணிக்கூடு வைத்து நேரம் பார்த்துத் தைப்பது எனக்குச் சரிவரவில்லை, பதற்றம்தான் கூடியது. கைகொடுத்தது முல்லைத்தீவு அக்கா சொன்னது: சட்டையைக் கொடியில் போட்டு நாலடி தள்ளி நின்று பார், பிழை தெரிந்தால் மட்டும் பிரி, அதுவும் ஒருமுறைதான். முதல் கிழமை கை துறுதுறுத்தது. பிறகுதான் கவனித்தேன், வெள்ளைத் துணியில் கோணலைவிடப் பிரித்த ஊசித்துளைகள்தான் எடுப்பாகத் தெரிகின்றன!

உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் தன்மேல் பரிவு பற்றி எழுதியதை இன்னொருவர் சொல்லியிருந்தார்: சிநேகிதியிடம் காட்டும் பரிவை உன்னிடமும் காட்டு. முதலில் கூச்சமாக இருந்தது. "பரவாயில்லை பிள்ளை, நாளைக்குப் பாப்பம்" என்று அம்மம்மா சொல்வதுபோலச் சொன்னபோதுதான் எடுபட்டது. இப்போது பத்தரைக்கு மெஷினை மூடிவிடுகிறேன்.

எதிர்பாராதது ஒன்று: தையலை விட்ட மனம் குசினிக்குள் போய்விட்டது. நேற்று ரொட்டி வட்டமாக வரவில்லை என்று இரண்டாம் தரம் தட்டினேன்.