கடற்கரைத் தெரு வாட்ஸ்அப் குழு: முதல் கேள்வி ‘எங்கே?’

அமெரிக்காக் காக்கா: அஸ்ஸலாமு அலைக்கும். இந்த வாரமும் ஊர் ஊராகச் சுற்றல்தான். இங்கே அவசர உதவிக்கான நம்பர் 911. அந்த அழைப்புகளை எடுக்கும் அறைகளுக்கு எங்கள் கம்பெனி ரேடியோ மேசை போட்டுத் தருகிறது. நேற்றுப் போனது ஒரு சின்னக் கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. ராத்திரி ஷிப்டில் இரண்டே பேர். போனை எடுப்பதும் அவர்கள், போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் ரேடியோவில் தகவல் சொல்வதும் அவர்கள்.

ராத்தா: வ அலைக்குமுஸ்ஸலாம். ரெண்டு பேரும் போனில் இருக்கும்போது மூணாவது ஆள் கூப்பிட்டால்?

அமெரிக்காக் காக்கா: பக்கத்துக் கவுண்டிக்குத் திரும்பும்படி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள் ராத்தா. பெரிய நகரங்களில் வேலை பிரிந்திருக்கும். ஒருவர் கேட்டுத் தட்டச்சு செய்வார். அது திரையில் ஏற ஏற, இன்னொருவர் பார்த்து வண்டியை அனுப்புவார். “கேள்வி கேட்டே சாகடிக்கிறானே” என்று கூப்பிட்டவர் கத்திக்கொண்டிருப்பார், அதற்குள் வண்டி கிளம்பியிருக்கும்.

அட்மின் சாச்சா: எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்களா தம்பி?

அமெரிக்காக் காக்கா: அறை பெரிதோ சின்னதோ, முதல் கேள்வி ‘எங்கே?’ தான் சாச்சா. ‘என்ன ஆச்சு?’ அப்புறம். லைன் அறுந்து போனாலும் இடம் தெரிந்திருந்தால் யாரையாவது அனுப்பலாம். நாம் போன் போட்டால், “அய்யோ சீக்கிரம் வாங்க”விலிருந்து அல்லவா ஆரம்பிப்போம்!

நர்சிங் தங்கச்சி: காக்கா, எங்கள் காலேஜில் சென்னை தேனாம்பேட்டை 108 அறைக்குக் கூட்டிப் போனார்கள். வரிசையாக ஹெட்செட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று இறங்கிக்கொண்டே போகிறார்கள். 108-இல் டிரைவருக்குப் பெயர் பைலட், தெரியுமா?

அட்மின் சாச்சா: அப்போ நம்ம பக்கத்து முத்துப்பேட்டைக்காரர் வெறும் ‘முத்துப்பேட்டை’ என்றால் திருவாரூர் மாவட்டத்துக்கு வண்டி போயிடுமே!

ராத்தா: ஏர்வாடியும் அப்படித்தான். திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு ஏர்வாடி இருக்கு.

நர்சிங் தங்கச்சி: அதனால்தான் மாவட்டத்தை முதலில் கேட்கிறார்கள். “ராமநாதபுரம் மாவட்டம்” என்று தொடங்கினாலே பாதிக் குழப்பம் போய்விடும். சென்னையில் இருக்கிறவருக்கு நம் தெரு எப்படித் தெரியும்?

சிங்கப்பூர் மச்சான்: இங்கே ஆம்புலன்சுக்கு 995-க்குப் போட்டு ஆறு இலக்க அஞ்சல் எண்ணைச் சொன்னால் போதும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண். நம் பின்கோடும் ஆறு இலக்கம்தான், ஆனால் ஒரு எண்ணுக்குள் எத்தனை ஊர்! இன்னொன்று: மைரெஸ்பாண்டர் என்று ஒரு செயலி. யாருக்காவது இதயம் நின்றதாக 995-க்கு அழைப்பு வந்தால், 400 மீட்டருக்குள் இருக்கும் தன்னார்வலர் போனில் அது அடிக்கும். என் போனிலும் இருக்கு.

துபாய் மாமா: இங்கே வாசலுக்கு வாசல் மகானி பலகை, பத்து இலக்கம். அதைப் படித்துச் சொன்னால் வாசலுக்கே வந்து நிற்பார்கள். ஆனால் நம்பர்தான் ஏகப்பட்டது: போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 998, தீக்கு 997.

அமெரிக்காக் காக்கா: இங்கே எல்லாத்துக்கும் 911 மாமா. 1968-இல் அலபாமாவில் ஹேலிவில் என்கிற சின்ன ஊரில்தான் முதல் 911 அழைப்பு. உள்ளூர் டெலிபோன் கம்பெனி பெரிய கம்பெனியை முந்திக்கொண்டு செய்து காட்டியது. எனக்கு அந்த ஊர்க்காரர்களை ரொம்பப் பிடிக்கும்.

அட்மின் சாச்சா: நமக்கும் 112 என்று ஒன்று 2019-லேயே வந்தாச்சு. போலீஸ், தீ, ஆம்புலன்ஸ் மூணுக்கும் ஒரே நம்பர். தெருவில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள்.

படகு அண்ணன்: எல்லாரும் கரையிலேயே நிற்கிறீர்களே. கடலில் எந்த வாசல், எந்தப் பலகை? வல்லத்தில் எஞ்சின் நின்றால் என்ன சொல்வது?

நர்சிங் தங்கச்சி: ஜிபிஎஸ்ஸில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை அண்ணே. சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

படகு அண்ணன்: சிக்னல் இல்லாத இடத்தில்தான் எஞ்சின் நிற்கும் தங்கச்சி. அங்கே படகு ரேடியோவில், அதான் விஎச்எஃப்பில், 16-ஆவது சேனல்தான் கதி. நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் ‘அப்பா தீவுக்குக் கச்சான் பக்கம்’ என்றால், அதாவது மேற்கே என்று, புரியும். மண்டபத்துக் காவல்படையில் வடக்கத்திப் பையன் எடுத்தால் கச்சான் என்ன, வாடை என்ன? நம்பரைப் படிப்பதுதான் சரி. கரையில் உங்களுக்கும் அதே கதைதான்.

நர்சிங் தங்கச்சி: இன்னொன்று, இடம் சொன்னதும் போனை வைத்துவிடாதீர்கள். மூச்சு இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்றால் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று சொல்லித் தருவார்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கையைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்தா: சாச்சா, மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, அடையாளம் எல்லாம் எழுதி டீக்கடையில் ஒட்டலாமே. பதற்றத்தில் பார்த்துப் படிக்கலாம்.

அட்மின் சாச்சா: எழுதிடலாம். அடையாளம் என்ன போட? பழைய ஐஸ் கம்பெனி?

படகு அண்ணன்: அதை மூடி எத்தனை வருஷம்! புதுப் பைலட்டுக்கு எங்கே தெரியும்?

ராத்தா: பள்ளிவாசல்?

துபாய் மாமா: எந்தப் பள்ளிவாசல்? ஊரில் ஒன்றா ரெண்டா!

சிங்கப்பூர் மச்சான்: நீலத் தண்ணீர் டேங்க்?

படகு அண்ணன்: அது சரி. மெயின் ரோட்டிலிருந்தே தெரியும். ஆனால் கல்யாண பேனர் ஒன்று முன்னால் தொங்குது சாச்சா.

அட்மின் சாச்சா: அது என் மகன் கல்யாண பேனர்தான். காலையில் அவிழ்த்துவிடச் சொல்கிறேன்.