மொறிஸ் மைனரில் புது றேடியோ: தாங்கியில் பூட்டியதும் பியூஸ் எரிகிறது

கோண்டாவில் மைனர்:
வணக்கம். என்னிடம் 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 இருக்கிறது. அப்பா வைத்திருந்த கார். டாஷ்போர்டுக்குக் கீழேயுள்ள தட்டில் பழைய றேடியோமொபைல் பெட்டி இரும்புத் தாங்கியில் தொங்குகிறது. சில மாதங்களாக அதில் உறுமல் மட்டும்தான் கேட்கிறது. பண்பலையும் புளூடூத்தும் உள்ள சிறிய பெட்டி ஒன்று வாங்கினேன்.

மின்வேலை செய்பவர் மீற்றர் வைத்துப் பார்த்து வயர்களை இணைத்தார். பெட்டி இருக்கையின் மேல் கிடந்தபோது அருமையாகப் பாடியது. தாங்கியில் வைத்துத் திருகாணியை முறுக்கியவுடன் பியூஸ் எரிந்தது. வெளியே எடுத்துப் புதிய பியூஸ் போட்டால் மறுபடி பாடுகிறது. தாங்கியில் படாமல் பிடித்துக்கொண்டு ஏரியல் வயரை மட்டும் செருகினோம். அப்போதும் எரிந்தது. பெட்டியில் பழுது என்கிறார் மின்வேலைக்காரர். பழுதே இல்லை என்கிறார் விற்றவர். யாரை நம்புவது?

வவுனியா வயரிங்:
விற்றவரை நம்புங்கள். பொனற்றைத் திறந்து ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. பற்றரியின் எந்த முனையிலிருந்து வரும் தடித்த வயர் காரின் உடலில் பூட்டப்பட்டிருக்கிறது?

கோண்டாவில் மைனர்:
கூட்டல் குறி உள்ள முனை, அண்ணா. பற்றரியை யாராவது தலைமாற்றிப் பூட்டிவிட்டார்களா?

வவுனியா வயரிங்:
இல்லை, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. அக்காலத்துப் பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவை நேர் எர்த். உடல் முழுவதும் நேர் முனையோடு சேர்ந்திருக்கும், வயர்களில் ஓடுவது மறை முனை. இன்றைய றேடியோக்கள் எல்லாம் இதற்கு எதிர்மாறாகச் செய்யப்பட்டவை. அவற்றின் உலோகக் கூடு உள்ளேயே கறுப்பு வயரோடு, அதாவது மறை முனையோடு, சேர்ந்திருக்கிறது.

உங்கள் மின்வேலைக்காரர் மீற்றர் காட்டியபடி புதுப்பெட்டியின் நேர் வயர்களான சிவப்பையும் மஞ்சளையும் உடலிலும், கறுப்பைக் காரின் வயரிலும் இணைத்திருப்பார். மின்சாரத்தின் திசை சரியாக இருப்பதால்தான் பெட்டி இருக்கையில் பாடுகிறது. ஆனால் அதன் கூடு மறை, கார் உடல் நேர். இரும்புத் தாங்கி இரண்டையும் தொடுத்த கணமே பற்றரியின் இரு முனைகளும் நேரடியாக மோதுகின்றன. ஏரியலிலும் இதே கதைதான். ஏரியல் வயரின் வெளிப்பின்னல் ஒரு பக்கம் பெட்டியின் கூட்டையும் மறுபக்கம் காரின் தகட்டையும் பிடித்திருக்கிறது. ரப்பர் வைத்துப் பெட்டியைப் பூட்டினாலும் ஏரியல் காட்டிக்கொடுத்துவிடும். ஏரியலை விட்டாலும், யுஎஸ்பி வயரின் உலோக முனை எங்காவது உடலில் பட்டால் போதும்.

பியூஸ் எரிந்தது உங்கள் நல்ல காலம். காரின் பியூஸ் பெட்டியில் உள்ளவை 35 அம்பியர். அதை நம்பி றேடியோவுக்கு வயர் இழுத்தால் பியூஸுக்கு முன்னே வயர் எரியும். றேடியோவின் வயரிலேயே 5 அம்பியர் பியூஸ் தனியாக இருக்கட்டும்.

மட்டுவில் பழைய பெட்டி:
தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். பழைய றேடியோமொபைலை எறிந்துவிடாதீர்கள், தாங்கிக்காகத் தகட்டை வெட்டவும் விடாதீர்கள். வெட்டிய டாஷ்போர்டு திரும்பி வராது. உறுமல் மட்டும் வருவதென்றால் பெரும்பாலும் உள்ளே மின்பகுபொருள் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். அவை மலிவானவை, இன்றும் கிடைக்கின்றன.

புதுப்பெட்டிக்குக் காரின் முனையையே மாற்ற வேண்டியதில்லை. உள்வருவதும் வெளிச்செல்வதும் தனித்தனியாகப் பிரிந்த 12 வோல்ற்று மாற்றி ஒன்றை இடையில் வையுங்கள். வாங்கும்போது மல்ரிமீற்றரால் சோதியுங்கள். உள் மறை முனைக்கும் வெளி மறை முனைக்கும் தொடர்பு காட்டினால் அது உதவாது. மலிவான மாற்றிகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

வவுனியா வயரிங்:
ஐயா சொல்வது நல்ல வழிதான். ஆனால் நாளைக்குக் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றி வைத்தாலும் இதே தொல்லை வரும். என் விருப்பம், காரையே மறை எர்த்துக்கு மாற்றுவது. மைனரில் அது பெரிய வேலை இல்லை. பற்றரியைத் திருப்பி வைத்து மறை முனையை உடலில் பூட்டுங்கள். நேர் முனைக் கம்பம் சற்றுப் பருமனானது, ஆகவே பிடிகளையும் மாற்ற வேண்டும். தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலின் இரண்டு சிறிய வயர்களை இடம் மாற்றுங்கள். பிறகு டைனமோ, அதாவது பற்றரிக்கு மின்னேற்றும் கருவி. இயந்திரம் நின்றிருக்கும்போது டைனமோவின் எஃப் முனையிலுள்ள வயரைக் கழற்றுங்கள். பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து அந்த எஃப் முனையில் சில தடவை தொட்டுத் தொட்டு எடுங்கள். சிறு பொறி பறக்கும். டைனமோவில் எஞ்சியிருக்கும் காந்தம் அதோடு திசை மாறிவிடும். இதைச் செய்யாமல் இயந்திரத்தை ஓட்டாதீர்கள்.

பழைய எஸ்யு நிறுவனப் பெற்றோல் பம்ப் தொடுமுனை வகையாக இருந்தால் அதற்கு எந்த முனையும் ஒன்றுதான். இடையில் யாராவது மின்னணு வகை போட்டிருந்தால் மட்டும் அதன் முனையைப் பாருங்கள்.

மட்டுவில் பழைய பெட்டி:
அப்படி மாற்றினால் பழைய றேடியோவுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன் அதையும் மாற்ற வேண்டும். டிரான்சிஸ்டர்கள் தப்பான முனையைத் தாங்கமாட்டா. அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் முனை மாற்றும் செருகி உண்டு. பக்கவாட்டிலோ பின்புறமோ தேடுங்கள்.

கோண்டாவில் மைனர்:
இருவருக்கும் நன்றி. மறை எர்த்துக்கு மாற்றிவிட்டோம், கார் ஒரு முறுக்கிலேயே கிளம்பியது, டைனமோ விளக்கும் வழக்கம்போல் அணைகிறது. புதுப்பெட்டியைக் கையுறைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், தகடு எதையும் வெட்டவில்லை. ஐயா, றேடியோமொபைலில் செருகி இருந்தது. கண்டென்சர் மாற்றக் கொடுத்திருக்கிறேன், திரும்பியதும் தாங்கியில் அதுதான் இருக்கும்.

ஒரு கேள்வி மிச்சம். வேகம் கூடும்போது ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலியும் கூடுகிறது. பெரிய ஒலிபெருக்கி (அம்ப்ளிஃபயர்) ஒன்றும் வைக்கலாமா?

வவுனியா வயரிங்:
ஒலிபெருக்கி வேண்டாம். அந்த டைனமோ முழு வேகத்திலேயே 22 அம்பியர்தான் தரும். இரவில் விளக்கும் எரிந்து, சந்தியில் இயந்திரம் மெதுவாக ஓடினால் பற்றரிதான் எல்லாவற்றையும் சுமக்கும். ஸ்பீக்கர் வயர்கள் இரண்டையும் பெட்டிக்கே கொண்டுபோங்கள். பழைய பழக்கத்தில் ஒன்றை உடலில் பூட்டினால் புதுப்பெட்டி கெட்டுவிடும்.

கீச்சொலி டைனமோவிலிருந்து வருகிறது. அதன் டி முனைக்கும் உடலுக்கும் இடையில் 1 மைக்ரோபரட் இரைச்சல் அடக்கும் கண்டென்சர் ஒன்றைப் பூட்டுங்கள். மறந்தும் எஃப் முனையில் பூட்ட வேண்டாம், டைனமோவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரின் தொடுமுனைகள் கருகிவிடும்.