மறு: மறு: உலகம் அழிந்த பிறகு – அட்டைக்கு ஒரு சொல் வேண்டும்

பாளையங்கோட்டை, திங்கள்:
அன்பர்களுக்கு வணக்கம். ஒரு வெளிநாட்டு காமிக்ஸைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். உலகம் அழிந்து, பழங்கதை விலங்குகளெல்லாம் நெடுஞ்சாலையிலும் லிஃப்டிலும் புகுந்துவிட, நாலு பேர் ஒன்றைத் தேடிப் புறப்படுகிறார்கள். கதையில் சிக்கலில்லை. அட்டையில் 'போஸ்ட் அபோகலிப்டிக்' என்று ஒரு சிவப்புப் பட்டை. 'பேரழிவுக்குப் பிந்தைய' என்று போட்டால் 11 எழுத்து. பட்டையைத் தாண்டி நாயகியின் கோடரிமேல் ஏறிக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை சிவகாசி அச்சகத்துக்குக் கோப்பு போக வேண்டும். 8 எழுத்துக்குள் ஏதாவது தாருங்கள்.

அம்பாசமுத்திரம்:
பின்னூழி. 4 எழுத்துதான், தம்பி.

சங்கரன்கோவில்:
அண்ணாச்சி, பின்னூழி என்றால் பின்னால் வரப்போகிற ஊழி. நமக்கு வேண்டியது ஊழி முடிந்த பின். சொல் தலைகீழாக நிற்கிறது.

அம்பாசமுத்திரம்:
இல்முன் 'முன்றில்' ஆனபோது யாரும் தலைகீழ் என்று சண்டைக்கு வரவில்லையே டீச்சர். இலக்கணப்போலியை வகுப்பில் நடத்துகிறவர் நீங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அபோகலிப்சிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூலப்பொருள் அழிவு அல்ல, மூடியிருப்பதைத் திறத்தல். விவிலியத்தின் கடைசி நூலுக்கு 'வெளிப்படுத்தின விசேஷம்' என்று பெயர் வந்தது அதனால்தான். இங்கே 'இணரூழ்த்தும் நாறா மலரனையர்' (குறள் 650) என்கிறார் வள்ளுவர். ஊழ்த்தல் என்றால் மலர்தல், மொட்டு திறப்பது. அந்த ஊழின் வயிற்றில் பிறந்ததுதான் ஊழி என்பது என் துணிபு. கிரேக்கனும் வள்ளுவரும் ஒரே மொட்டைத்தான் திறந்திருக்கிறார்கள்! மேலும் 'உழு' என்ற வேரையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், மண்ணைத் திறப்பதும்

(மின்னஞ்சல் பாதியில் போய்விட்டது. மீதி நாளை.)

பாளையங்கோட்டை, இன்னொருவர்:
மீதி வேண்டாம் அண்ணாச்சி. எங்கள் தெருவில் ஊழியம் என்றால் சபை ஊழியம். பின்னூழி என்று எழுதிக் காட்டினேன், "ரிட்டயர்டான பாஸ்டர் கதையாப்பா?" என்கிறான் மகன். 'உலகம் அழிஞ்ச பொறவு' என்று போட்டால் டீக்கடையில் இருப்பவனுக்கும் விளங்கும். 2004இல் கடல் ஏறி வந்ததற்கு ஆழிப்பேரலை என்று எவ்வளவு அழகாகச் சொல் பிடித்தோம்! உவரியில் போய்க் கேளுங்கள், சுனாமிதான்.

சங்கரன்கோவில்:
உலகம் அழிந்த பொறவு கோடரி தூக்க ஆள் ஏது? ஊழிதான் சரி, ஒன்று பெயர்ந்தால் அடுத்தது வரும். 'ஊழி பெயரினும் தாம்பெயரார்' (989) பிள்ளைகள் ஒப்பிக்கிற குறள்தானே. 'ஊழிக்குப் பின்' – எண்ணிப் பார்த்துவிட்டேன், 7 எழுத்து.

தென்காசி:
அட்டை கிடக்கட்டும். டிராகனுக்கு யாளி என்று போட்டிருக்கிறீர்களா? பொருநராற்றுப்படையில் ஆளிக்குருளை, அதாவது யாளிக்குட்டி, 'முலைக்கோள் விடாஅ மாத்திரை', பால்குடி மறக்குமுன்பே, தன் முதல் வேட்டையில் களிற்றைக் கொல்கிறது. நெருப்புக் கக்குவதாக அங்கே ஒரு சொல் இல்லை. போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

பாளையங்கோட்டை, வியாழன் இரவு:
'ஊழிக்குப் பின்' என்றே ஏற்றிவிட்டேன். மூன்று பேர் சரி என்றீர்கள். மற்றவர்கள் களைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். யாளி போய் டிராகன் டிராகனாகவே நிற்கிறது. இரண்டாம் பாகத்தில் பாலத்தடியில் ஒரு ட்ரோல், அவர்கள் ஊர்ப் பழங்கதைப் பூதம், வருகிறது. அப்படியே எழுதினால் மீம் போடுகிறவன் என்று பசங்கள் நினைக்கிறார்கள். மாடன் எனலாமா?

அம்பாசமுத்திரம்:
தம்பி, மாடன் எங்கள் குலசாமி. கிடா வெட்டிக் கொடை கொடுக்கிற சாமியைப் பாலத்தடியில் உட்கார வைக்காதீர். வேறு பாரும்.

பின்னூழியை நான் விடவில்லை. கோப்பு நாளைக்குத்தானே போகிறது?