லயன்பிஷ்ஷும் லெதர் கோரலும் ஒரே தொட்டியில்: நீரோட்டம் யாருக்காக?

களியக்காவிளை_4அடி
தொட்டி 4×2×2 அடி. பாறை, மணல் போக நீர் 380 லிட்டர். கீழே சம்ப் (வடிகட்டும் துணைத் தொட்டி). ஒரு வாலிட்டன்ஸ் லயன்பிஷ் (விஷ முள் உள்ள வேட்டை மீன், 18 செ.மீ), ஒரு ஸ்னோஃப்ளேக் அஞ்சாலை (பாம்பு மாதிரி நீண்ட மீன்). கோரல் எல்லாம் சாஃப்ட் (கல் கூடு இல்லாத மெத்துப் பவளம்): ஒரு டோட்ஸ்டூல் லெதர், கொஞ்சம் ஜோவாந்தஸ், மஷ்ரூம். மணிக்கு 4000 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) இரண்டு, எதிரெதிர்க் கண்ணாடியில், எப்பவும் முழு வேகத்தில். லயன் பகல் முழுக்க ஓவர்ஃப்ளோ பெட்டி (தண்ணி சம்புக்கு வழியுற இடம்) மூலையில ஒட்டி நிக்குது. பம்பைக் குறைச்சா மூணாம் நாள் லெதர் சுருங்குது. எதை விடணும்?

தக்கலை_உப்புநீர்
பம்பைக் குறைங்க தம்பி. லயன் நீந்தித் திரியிற மீன் இல்லை. பாறைக்கு அடியில தலைகீழாத் தொங்கி, இரை பக்கத்துல வர்ற வரை காத்துக் கிடக்கிற ஜாதி. அந்த அகலச் செட்டை பாய்மரம் மாதிரி ஓட்டத்தைப் பிடிக்கும். ஒரே இடத்துல நிக்கிறதுக்கே நாள் முழுக்கச் செட்டையை அடிச்சா, தின்னதெல்லாம் அதுக்கே போயிரும். செவுள் வேகமா அடிக்குதா, செட்டை நுனி கிழிஞ்சிருக்கா, தீனி வந்தும் திரும்பாம நிக்குதா, இந்த மூணையும் பாருங்க. மணிக்குத் தொட்டி நீரைப் போல 10 மடங்கு ஓட்டம், அதாவது 3800 லிட்டர் தாராளம். மஷ்ரூமுக்கும் அதுதான் வேணும். கூடுதலா அடிச்சா அது பாறையை விட்டுக் கழண்டு மிதந்து, வேவ்மேக்கருக்குள்ள போய் அரைபடும். லெதர் ஒண்ணுக்காக மீனை வதைக்கக் கூடாது.

விழிஞ்ஞம்_ரீஃப்
முழுக்க மறுக்கிறேன் அண்ணே. முழு இறாலைத் தின்னும் மீன் போடும் கழிவு சின்னத் துகளாக வராது, கட்டியாகப் பாறைக்குப் பின்னால் விழும். 10 மடங்கில் அது அங்கேயே படுத்துவிடும். பிறகு சிவப்புப் பாசிச் சவ்வு, மணலுக்கடியில் கறுப்புத் திட்டு, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். கழிவு கூடிய தொட்டிக்குத்தான் ஓட்டமும் கூட வேண்டும்.

லெதர் சுருங்குவதையும் சரியாகப் படிக்க வேண்டும். அது அவ்வப்போது மெழுகு போன்ற தோலை உரிக்கும். ஒரு வாரம் மூடிக் கிடந்தால் இயல்பு. ஓட்டம் குறைந்தால் அந்தத் தோல் கழன்று போகாமல் மேலேயே கிடந்து, அதில் பாசி ஏறி, கீழே சதை அழுகும். 20 மடங்குக்குக் கீழே இறங்கக் கூடாது.

மீனுக்குத் தேவை மெதுவான தொட்டி இல்லை, ஒதுங்க ஓர் இடம். 40 செ.மீ அகலம், 25 செ.மீ உயரத்தில் முன்பக்கம் திறந்த ஒரு பாறைத்திண்ணை கட்டிக்கொடுங்கள். செயற்கை செராமிக் கல்லில் துளை போட்டு, அக்ரிலிக் கம்பி கோத்து, எபாக்ஸி புட்டியால் பூட்டினால் நிற்கும். அடிக்கல் மணலின் மேல் இல்லை, கண்ணாடித் தரையிலேயே உட்கார வேண்டும். அஞ்சாலை மணலைத் தோண்டும். திண்ணை சரிந்தால் கண்ணாடியும் போகும், மீனும் போகும்.

தக்கலை_உப்புநீர்
திண்ணை நல்ல யோசனை, ஒத்துக்கிடுதேன். ஆனா சிவப்புப் பாசிக்குப் பாதிக் காரணம் கழிவு இல்லை, தின்னாம விட்ட தீனி. பம்ப் ஓடுறப்போ இறாலைப் போட்டா அது ஓவர்ஃப்ளோவுக்குள்ள போய் சம்ப்ல அழுகும். பம்ப் எல்லாத்தையும் 10 நிமிஷம் நிறுத்தி, நீளமான இடுக்கியில பிடிச்சு மூக்குக்கு முன்னால ஆட்டிக் காட்டணும். இந்த அளவு மீனுக்கு வாரம் மூணு தடவை போதும். இறால், கணவாய், வெள்ளை மீன் துண்டுன்னு மாத்தி மாத்தி. நெத்தோலியை மட்டுமே போட்டுப் பழக்காதீங்க. அதுல இருக்கிற தயாமினேஸ் வைட்டமின் பி1ஐ அழிச்சிரும், கொஞ்ச மாசத்துல மீன் சாப்பாட்டை விட்டிரும். தீனியைச் சரி பண்ணாம ஓட்டத்தைக் கூட்டுறது, குப்பையை இந்த அறையில இருந்து அந்த அறைக்குத் தள்ளுற வேலை.

குளச்சல்_பம்ப்
ரெண்டு பேரும் மடங்குலயே நிக்கிறீங்க. லயனுக்கும் லெதருக்கும் மடங்கு தெரியாது, தன்மேல படுற வேகம்தான் தெரியும். ஒரே 8000 லிட்டரை ஒரு மூலையில புயலாவும் இன்னொரு மூலையில குளமாவும் ஆக்கலாம். அதனால முதல்ல அளங்க.

30 செ.மீ ஸ்கேலை வெளிக் கண்ணாடியில படுக்கையா ஒட்டுங்க. ஊறவச்ச ஃபிளேக் துணுக்கு ஒண்ணை ஊசியில்லாத சிரிஞ்சால அந்த உயரத்துல விட்டு, போன்ல வீடியோ எடுங்க. 30 செ.மீ கடக்க 2 வினாடின்னா வேகம் வினாடிக்கு 15 செ.மீ, 6 வினாடின்னா 5. ஒவ்வொரு இடத்துலயும் அஞ்சு தடவை எடுத்து நடு எண்ணை வச்சுக்கோங்க.

நான் குறி வைக்கிற எண்கள்: லயன் ஒதுங்குற இடம் 5க்குக் கீழ, மஷ்ரூம் 3 முதல் 5, ஜோவாந்தஸ் 10 பக்கம், லெதர் தலையில 10 முதல் 15, அதுவும் திசை மாறி மாறி. இந்த "மாறி மாறி"தான் உயிர். ஒரே பக்கத்துல இருந்து விடாம அடிச்சா 10 செ.மீ வேகமே லெதரைச் சாய்ச்சுரும், ஜோவா மூடியே கிடக்கும். அதே 15 செ.மீ, 8 வினாடி இந்தப் பக்கம், 8 வினாடி அந்தப் பக்கம்னா ரெண்டும் விரியும்.

இப்போ உங்க அமைப்புல பிழை: எதிரெதிர்ப் பம்ப் ரெண்டும் நேருக்கு நேர் மோதி நடுவுல கலங்குது, மிச்சம் கண்ணாடி ஓரமாத் திரும்பி ஒவ்வொரு மூலையிலயும் சுத்துது. லயன் நிக்கிற மூலைக்கு ஓவர்ஃப்ளோ பெட்டியே அணை, அதான் அது அங்க போயிருக்கு. செய்ய வேண்டியது: ரெண்டு வேவ்மேக்கரையும் வலது பாதியில வையுங்க. ஒண்ணு வலது கண்ணாடியில, மேல இருந்து 10 செ.மீ கீழ, மேல்நோக்கிக் கொஞ்சம் சாய்ச்சு, நீர்ப்பரப்பு நெளியுற மாதிரி. இன்னொண்ணு பின்கண்ணாடியில, வலது ஓரத்துல இருந்து 40 செ.மீ தள்ளி, முன்கண்ணாடியைப் பார்த்து. இது முன்கண்ணாடியில மோதி உடைஞ்சு பரவும். லெதர் வலது நடுவுல, ஜோவா அதுக்குக் கீழ. பாறைத்திண்ணை இடது பக்கம், வாய் ஓட்டத்துக்கு முதுகு காட்டி. திண்ணைக்குப் பின்னாலயும் கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி விடுங்க; சம்ப்ல இருந்து தண்ணியைத் திருப்பி ஏத்துற ரிட்டர்ன் குழாயோட ஒரு வாய் அந்தச் சந்துக்குள்ள கீழ்நோக்கி அடிக்கட்டும். விழிஞ்ஞம் சொன்ன கட்டிக் கழிவு அங்கதான் விழும்.

ரிட்டர்ன் பம்ப் பெட்டியில போட்டிருக்கிற எண்ணை நம்பாதீங்க. உயரமும் குழாய் வளைவும் பாதியைத் தின்னுரும். 10 லிட்டர் வாளியில பிடிச்சு நேரம் பாருங்க: 18 வினாடியில நிறைஞ்சா மணிக்கு 2000 லிட்டர். உங்களுக்கு அது போதும்.

கருமணல் போட்டிருந்தா எடுத்திருங்க. மணவாளக்குறிச்சிக் கரை மாதிரி மணல்ல காந்தத்துல ஒட்டுற தாதுத் துகள் உண்டு. வேவ்மேக்கர் காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல போனா கீறும், இம்பெல்லர் தண்டைத் தேய்க்கும்.

களியக்காவிளை_4அடி
வெள்ளை மணல்தான் அண்ணே. வலது பக்கம் ஓட்டம் கூடப்போகுதுன்னா, அங்க அக்ரோபோராங்கிற கல்பவளம் வைக்கலாமா? ஒருத்தர் தர்றேங்கிறார்.

பாறசாலை_கடல்
வேண்டாம். கல்பவளம் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ல் சேர்ந்தது. கடல்விசிறி, நெருப்புப் பவளம், ஆர்கன் பைப், ராட்சதக் களவாவும் அப்படியே. தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சட்டம். கொடுப்பவர் சாதாரணமாகச் சொல்வார். வைத்திருந்தால் பிடிபடுவது நீங்கள்.

சட்டத்தை விட்டாலும், அக்ரோபோராவுக்கு 40 மடங்கு ஓட்டமும் குறைந்த பாஸ்பேட்டும் வேண்டும். லயன் இருக்கும் தொட்டி இரண்டையும் தராது. என்னைக் கேட்டால் வேட்டை மீனையும் கோரலையும் பிரிப்பதே சரி. லயன் 38 செ.மீ வரை வளரும். அப்போது அதற்குத் திண்ணை போதாது, தொட்டியே போதாது.

விழிஞ்ஞம்_ரீஃப்
சட்டத்தில் மாற்றுக்கருத்தே இல்லை. பிரிப்பதில் உண்டு: லிட்டருக்கு நைட்ரேட் 15 மில்லிகிராமுக்குள், பாஸ்பேட் 0.1 மில்லிகிராமுக்குள் நின்றால் லெதரும் ஜோவாவும் இந்த மீனுடன் நன்றாகவே இருக்கும். ஸ்கிம்மர் (நுரையாகக் கழிவைப் பிரிக்கும் கருவி) மட்டும் தொட்டி அளவுக்கு இரண்டு மடங்கு வாங்குங்கள்.

தக்கலை_உப்புநீர்
குளச்சல் சொன்ன அளவு முறைக்கு எதிர்ப்பேச்சு இல்லை. ஒண்ணு மட்டும்: லயன் அந்தி சாய்ஞ்சுதான் வெளிய வரும். ராத்திரி வேவ்மேக்கரை நிறுத்திருங்க, அப்போதான் திண்ணையை விட்டு இறங்கும்.

விழிஞ்ஞம்_ரீஃப்
நிறுத்தவே கூடாது. விளக்கு அணைந்ததும் கோரலுக்குள் இருக்கும் பாசி ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிடும், எல்லா உயிரும் எடுக்க மட்டுமே செய்யும். விடியும் முன்தான் அளவு மிகக் குறைவு. கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 6.2தான். மேட மாசச் சூட்டில் சில்லர் இல்லாத தொட்டியில், நிறைய தின்ற லயன் இருக்கும் இரவில், அந்த வித்தியாசம் பெரிது.

குளச்சல்_பம்ப்
ராத்திரி நீர்ப்பரப்பை நெளிக்கிற வலது பம்ப் 50 சதவீதம், பின்பம்ப் 20. ரிட்டர்னைத் தொடவே வேண்டாம். லயன் இறங்கவும் செய்யும், காத்தும் சேரும்.

இடவப்பாதி மழையில கரண்ட் போறதுக்கும் சேத்து யோசிங்க. 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில கணக்குக்கு 1800 வாட்-மணி. பாதியை மட்டும் நம்புங்க. 40 வாட் ரிட்டர்ன், 5 வாட் ஏர் பம்ப், ரெண்டும் 20 மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டர் சைன் வேவா இருக்கணும். ஸ்கொயர் வேவ்ல ஏசி பம்ப் முனகிச் சூடாகும். அந்த மழையில தேங்காப்பட்டணத்துல கடல்நீர் எடுக்காதீங்க, ஆத்துத் தண்ணி கலந்து உப்பு இறங்கியிருக்கும். எங்க எடுத்தாலும் ரிஃப்ராக்டோமீட்டர்ல (உப்பு அளக்குற கருவி) ஆயிரத்துக்கு 35 காட்டணும்.

களியக்காவிளை_4அடி
பம்பை முதல்ல மாத்தவா, திண்ணையை முதல்ல கட்டவா?

தக்கலை_உப்புநீர்
திண்ணை. லயன் ஒதுங்க இடம் பழகட்டும், 4 நாள். அப்புறம் பம்பை இடம் மாத்தி 40 சதவீதத்துல தொடங்கி, ரெண்டு நாளைக்கு 10 கூட்டுங்க. லயன் திண்ணைக்குள்ள செட்டை அடிக்காமத் தொங்குற வரைக்கும் கூட்டலாம். தொட்டிக்குள்ள கையை விடுறப்போ அது எங்க இருக்குன்னு பார்த்துட்டே விடுங்க. முள் குத்தினா கை பொறுக்கிற அளவு வெந்நீர், 45 டிகிரிக்கு மேல போகாம, அரை மணி முதல் ஒண்ணரை மணி நேரம் முக்கி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

குளச்சல்_பம்ப்
வேவ்மேக்கர் ரெண்டுக்கும் வெளிக்கூண்டு போட்டுட்டுத்தான் ஆன் பண்ணணும், அஞ்சாலை வால் அதுக்குள்ள போகும். கூண்டுல பாசி ஏறினா வேகம் குறையும். 10 நாளைக்கு ஒரு தடவை பல்துலக்கும் பிரஷ்ஷால தேய்ச்சு, ஸ்கேலை வச்சுத் திரும்ப அளங்க.