சர்வேயில் விரலைக் குத்தினால் ஹீமோகுளோபின் 10.4, லேபில் எடுத்தால் 11.3. என் பெண் எந்தக் கணக்கில் சேர்ந்தாள்?

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர் புதுப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2021 மாசி மாதம், தேசிய குடும்ப நல ஆய்வு என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். பக்கத்து மாடி வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கேள்வி. தரை சிமெண்டா டைல்ஸா, ஃபிரிட்ஜ் இருக்கிறதா, கழிப்பறையை வேறு குடும்பமும் பயன்படுத்துகிறதா, எல்லாம் கேட்டார்கள். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லை. அடுப்படி உப்பில் கொஞ்சம் வாங்கி ஒரு சொட்டு மருந்து விட்டார்கள், நீலமாக மாறியது. எனக்குப் பிரஷர் பார்ப்பதற்கு முன்னாலேயே என் மாமியாரைத் திண்ணையில் உட்கார வைத்து மூன்று தடவை பார்த்தார்கள். அவருக்கு ஏதோ பெரிய வியாதி என்று நான் பயந்தே போனேன்.

என் பெண்ணுக்கு அப்போது 3 வயது. விரலைக் குத்தி, சின்ன மெஷினில் வைத்து, ஹீமோகுளோபின் 10.4, லேசான ரத்தசோகை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து வேறு விஷயமாக லேபில் கை நரம்பில் ரத்தம் எடுத்தபோது 11.3 வந்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

இப்போது அக்கா மகள் கல்லூரியில் சத்துணவியல் படிக்கிறாள். அந்தச் சுற்றில் தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று படித்துக் காட்டினாள். அந்த 57-இல் என் பெண்ணும் இருக்கிறாளா? இருந்தால் அது தப்புக் கணக்குதானே? அப்புறம், எங்கள் வீட்டைப் பார்த்து எப்படி மாவட்டத்துக்கே சொல்கிறார்கள்?

பழையநகர்:

நாற்பது வருடமாகக் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரில், இருக்கிறேன். எங்கள் தெருவுக்கு ஒரு சர்வேகாரனும் வந்ததில்லை. ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதுகிற கணக்கு. விட்டுத் தள்ளுங்கள்.

முந்திரிக்காடு:

கெடிலக்கரை, நான் அந்த விரல் குத்துகிற கூட்டத்தில் இருந்தவள். ஊர் பண்ருட்டிப் பக்கம். 2015-இல் ஒரு சுற்று, அப்புறம் நீங்கள் சொல்லும் சுற்றில் கொரோனாவுக்கு முந்தைய பாதி. உங்கள் வீட்டுக்கு வந்தது நான் இல்லை.

முதலில் பழையநகர் அண்ணனுக்கு. ஓ.டி.யில் இருக்கிறீர்கள், மீன் வாங்கத் தெரியாமலா இருக்கும்? கூடையில் மேலாகப் பளபளவென்று கிடப்பதைப் பார்த்தா விலை பேசுவீர்கள்? கையை அடிவரை விட்டு நாலு மீனை இழுத்து, செவுளைத் தூக்கிப் பார்ப்பீர்கள். மொத்தக் கூடையையும் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் எந்த நாலு மீன் என்பதை மீன்காரம்மா முடிவு செய்யக் கூடாது. சர்வேயில் முக்கால்வாசி உழைப்பு இதற்குத்தான் போகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து கிராமங்களையும் நகர வட்டாரங்களையும் குலுக்கல் மாதிரி எடுப்பார்கள். அந்தக் கணக்கெடுப்பு முடிந்த வருடக் கடைசியில் 'தானே' என்ற புயல் வந்தது. காகிதத்தில் இருந்த குடிசை வரிசையில் பாதி, நாங்கள் போனபோது வேறு இடத்தில் வேறு வடிவில் இருந்தது. அதனால்தான் பழைய பட்டியலை அப்படியே நம்புவதில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு குழு வந்து ஊரைப் படம் போட்டு, வீடு வீடாகப் புதிதாக எண் போடும். அந்தப் பட்டியலில் இத்தனைக்கு ஒன்று என்று எண்ணி 22 வீடு. மாடி வீட்டம்மா தப்பித்தது அந்த எண்ணிக்கையில்தான்.

2019–21 சுற்றில் நாடு முழுக்க 707 மாவட்டத்தில் 6,36,699 வீடு. மாவட்டத்துக்குச் சராசரி 900. உங்கள் தெருவுக்கு வராமல் போனதில் ஆச்சரியமே இல்லை அண்ணே.

அந்த 22-இல் ஒரு வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டை எடுக்கக் கூடாது. இதை மட்டும் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 2015-இல் முந்திரி விழுகிற பருவத்தில் ஒரு ஊருக்குப் போனோம். காலை 7 மணிக்கே பாதி வீட்டில் பூட்டு, எல்லோரும் தோப்பில். "எதிர் வீட்டில் ஆள் இருக்கே மேடம், அங்கே முடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்று டிரைவர் நச்சரித்தார். பகலில் ஆள் இருக்கிற வீடாகப் பார்த்து எடுத்தால், கூலிக்குப் போகிற பொம்பளைகளின் பிள்ளைகள் கணக்கிலேயே வராமல் போவார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தானே இவ்வளவு செலவு? ராத்திரி 8 மணிக்கு மறுபடி போனோம். கையெல்லாம் முந்திரிப் பால் பட்டுக் கறுத்துப்போயிருந்த ஒரு அம்மா, சோறு வடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

அடுத்து உயரம். ரத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள், ஆனால் என்னை அதிகம் படுத்தியது உயரம்தான். 2 வயதுக்குள் என்றால் பலகையில் படுக்க வைத்து அளக்க வேண்டும், தாண்டினால் நிற்க வைத்து. ஒரே பிள்ளையைப் படுக்க வைத்தால் ஏறக்குறைய 0.7 செ.மீ. கூடுதலாக வரும். சரியாக 2 வயதான ஆண் பிள்ளை நின்று 81 செ.மீ.க்குக் கீழே இருந்தால் 'வயதுக்கேற்ற உயரம் இல்லை' என்று கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் கொடுத்த அளவுகோல் அது. டெல்லிப் பிள்ளைகளையும் நார்வே, கானா பிள்ளைகளையும் சேர்த்து அளந்து போட்டது. இப்போது பாருங்கள், பிள்ளை முட்டியை மடக்கினால் ஒரு சென்டிமீட்டர் போச்சு. அலறிக்கொண்டு எட்டி உதைக்கிற பிள்ளையின் குதிகாலைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். உச்சிக்கொண்டையை அவிழ்க்க மாட்டேன் என்று சண்டை போட்ட பாட்டிகளைத் தனியாக எழுத வேண்டும்.

அளவு சரியாக வந்தாலும் வயது வேண்டுமே. பிறந்த தேதி எழுதிய அட்டை தொலைந்துபோயிருக்கும். "தானே அடிச்சப்ப வயித்துல ஆறு மாசம்" என்றார் ஒருவர். 2011 டிசம்பர் 30-இலிருந்து விரல் விட்டு எண்ணினேன், 2012 மார்ச் கடைசி வந்தது. நர்ஸம்மாவிடம் இருந்த பதிவேட்டிலும் அதே மாதம். அந்தப் புயலால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம்.

மாமியார் பிரஷர் விஷயம்: பயப்பட வேண்டாம். எல்லோருக்கும் மூன்று தடவைதான், நடுவில் ஐந்தைந்து நிமிடம் விட்டு. முதல் தடவை பதற்றத்தில் ஏறியிருக்கும் என்பதால் பின் இரண்டின் சராசரி. ஆனால் அந்த நேரத்தில் உள்ளே உங்களிடம் என்ன கேட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கணவர் கை நீட்டுவாரா, அடிப்பாரா என்ற பகுதி, வீட்டுக்கு ஒரு பெண்ணிடம், தனியாக மட்டும் கேட்க வேண்டியது. யாராவது வந்தால் அந்தக் கேள்வியை நிறுத்திவிட வேண்டும். திண்ணையில் மாமியாரைப் பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார வைக்க பிரஷர் மெஷினை விட்டால் எங்களுக்கு வேறு வழி ஏது?

கடைசியாக 10.4. மெஷின் மோசமில்லை, கஷ்டம் அந்தச் சொட்டில். முதல் சொட்டுகளைத் துடைத்துவிட்டு, தானாக ஊறி வருவதை எடுக்க வேண்டும். பிள்ளை கையை இழுக்கும், ரத்தம் வராது, அம்மா முகம் சுருங்கும். நாம் விரலை அழுத்துவோம். அழுத்தினால் திசுநீர் கலந்து எண் இறங்கும். நான் அழுத்தியதே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆமாம், கோடு 11, அதற்குக் கீழே வந்தால் ரத்தசோகை என்று கணக்கு. உங்கள் பெண் 10.4 ஆகத்தான் பதிவாகியிருப்பாள், அந்த 57.4-க்குள்தான் இருப்பாள்.

கெடிலக்கரை:

அக்கா, மாமியார் விஷயத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். ஆமாம், உள்ளே அதைத்தான் கேட்டார்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

ஆனால் நீங்களே அழுத்தினேன் என்கிறீர்கள். அப்படியானால் 57-ஐ எப்படி நம்புவது?

பாகூரான்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன். எங்கள் வீடு புதுச்சேரி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உங்கள் கடலூர் மாவட்டம்.

இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வரவில்லை. 2015–16 குடும்ப நல ஆய்வு விரலில் குத்தி எடுத்த கணக்குப்படி, நாட்டில் 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 58.6 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2016–18-இல் குழந்தைகளுக்கென்றே நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு நரம்பில் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பியது. அதில் 1 முதல் 4 வயதில் சுமார் 41. வயது வரம்பில் சின்ன வித்தியாசம் இருக்கிறது, அதற்காக இவ்வளவு இடைவெளி வராது. அடுத்த குடும்ப நல ஆய்வில் விரல் கணக்கு 67.1 ஆக ஏறியது. பெரிய வாக்குவாதத்துக்கு அப்புறம் ஆறாவது சுற்றில் இந்த ஹீமோகுளோபின் சோதனையையே எடுத்துவிட்டார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நரம்பு ரத்தத்தை வைத்துத் தனி ஆய்வு நடத்துவதென்று ஆனது. எடுத்தது சரிதான் என்பது என் கட்சி. சிலருக்குக் கோபம், இருபது வருடத்துக்கு மேலான தொடர்ச்சி அறுந்துபோகிறதே என்று. அதுவும் நியாயமான கோபம்தான்.

எப்போது எடுக்கிறோம், எங்கே எடுக்கிறோம் என்பதிலேயே எண் மாறும். யானைக்கால் நோய்க்கு எங்கள் பக்கம் ராத்திரி ரத்தம் எடுத்தது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். பகலில் எடுத்தால் அந்தப் புழுக்குஞ்சுகள் ரத்தத்தில் சிக்காது, ஊரே சுத்தம் என்று எழுதிவிடலாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி, லாந்தர் வெளிச்சத்தில் கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவிய காலம் அது. நாய்கள் எங்களை ஒரு வழி பண்ணிவிட்டன.

அமெரிக்காவில் இதே போன்ற ஆய்வுக்குப் பரிசோதனை வண்டிகளையே ஊருக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஆளை அங்கே வரவழைத்து நரம்பில் எடுக்கிறார்கள். வருடத்துக்கு 5,000 பேர் அளவுதான். ஆனால் 1976–80 சுற்றில், பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய மக்கள் ரத்தத்திலும் குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. ஈயத்தை ஒழிக்க வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு அது பெரிய ஆயுதமாயிற்று. ஆள் குறைவு, அளவு சுத்தம். நம் நாட்டில் ஆள் அதிகம். மாவட்டக் கணக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டால் இந்தச் சங்கடம் வரத்தான் செய்யும்.

பால்வாடி டீச்சர்:

குறிஞ்சிப்பாடிப் பக்கம் அங்கன்வாடியில் இருக்கிறேன். எங்கள் பதிவேட்டில் எடை குறைந்த பிள்ளைகள் கொஞ்சம்தான். சர்வேயில் மாநிலத்துக்கு 22 சதவீதம் என்று வந்ததும் கூட்டத்தில் எங்களைத்தான் கேட்டார்கள், ஏன் மறைத்தீர்கள் என்று. மறைக்கவில்லை. எங்களிடம் வருகிற பிள்ளையைத்தான் எடை போட முடியும். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்ட பிள்ளையை எந்தத் தராசில் தூக்குவது?

முந்திரிக்காடு:

டீச்சர் சொன்னதுதான் சர்வே வேண்டும் என்பதற்கே காரணம்.

கெடிலக்கரை, நம்பலாமா என்றால், எல்லா எண்ணையும் ஒரே மாதிரி நம்பாதீர்கள். உயரம், எடையை நான் நம்புவேன். பயிற்சியில் ஒரே பிள்ளைகளை இரண்டிரண்டு தடவை அளக்க வைத்து, வித்தியாசம் வந்தால் மானத்தை வாங்கிவிடுவார்கள். விரல் ரத்தத்தில் 57-ஆ 50-ஆ என்று அடித்துக்கொள்ள மாட்டேன். அப்புறம் அக்கா மகள் கடலூர் மாவட்டத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு சதவீதம் ஏறிவிட்டது என்று கட்டுரை எழுதினால் தடுங்கள். நம் ஊரில் வீட்டுக்குப் பிள்ளைகள் குறைவு. 900 வீடு ஏறி இறங்கினால் ஒரு 200 பிள்ளைகள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அதில் 25 சதவீதம் என்று வந்தால், மேலே ஆறு கீழே ஆறு என்று ஆடக்கூடிய எண் அது.

அவளை வேறு ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அதே சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை. அதற்கு முந்திய சுற்றில் 30.9. எடையில் சொட்டுச் சண்டை கிடையாது, இந்தப் பத்துப் புள்ளி நிஜம். ஒரே வீட்டில் அம்மாவுக்கு எடை கூட, பிள்ளைக்கு எடை கம்மி என்று அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறேன். பால்வாடியில் பிள்ளையை எடை போடுகிறோம், அம்மாவை யார் எடை போடுகிறார்கள்?

ஃபிரிட்ஜ் கேட்டது வசதியை எடைபோட. சம்பளம் கேட்டால் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். தரையும் ஃபிரிட்ஜும் பொய் சொல்லாது.

கெடிலக்கரை:

ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள், இந்தப் பக்கத்தையே காட்டுகிறேன். அக்கா, ஒரு சின்ன சந்தேகம். எங்கள் நிலைப்படிக்கு மேலே மார்க்கரில் ஒரு எண் எழுதியிருந்தது. கரண்ட்காரர்கள் எழுதியது என்று நினைத்தேன். நீங்கள் சொன்ன பட்டியல் குழுவா அது?

முந்திரிக்காடு:

இருக்கலாம். எங்களுக்கு வழிகாட்ட அவர்கள் போடுகிற எண். அழித்துவிட்டீர்களா?

கெடிலக்கரை:

போன பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். மாமியார் அந்த இடத்தை மட்டும் விடச் சொன்னார். சர்க்கார் எழுதியதை அழிக்கக் கூடாதாம்.