புதுப்பிப்பு: ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க வழி கிடைத்தது

கல்லூரி ஆய்வேட்டுக்காகச் சேர்த்த 40 கட்டுரைகளையும் முதல் வரியிலிருந்து படிக்கப் பார்த்து, எல்லாமே பாதியில் நிற்கிறது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, உங்களில் ஒருவர் சொன்ன மூன்று சுற்று வாசிப்புதான் (கணினி அறிவியல் பேராசிரியர் எஸ். கேசவ் 2007-இல் எழுதியது; ஒரே கட்டுரையை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாகப் படிப்பது). முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை மட்டும். 5 முதல் 10 நிமிடம். அதிலேயே 23 கட்டுரைகள் என் கேள்விக்குத் தொடர்பில்லாதவை என்று தெரிந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் வரைபடங்களையும் அட்டவணைகளையும் கவனமாகப் பார்த்தேன். முழுவதையும் ஆழமாகப் படிக்கும் மூன்றாம் சுற்றுவரை போனவை நாலே நாலு. வண்ணப் பேனாவால் கோடிடுவது எனக்கு ஒத்துவரவில்லை. கட்டுரையை மூடிவிட்டு என் சொற்களில் மூன்று வரி எழுதிவைத்தது நன்றாகவே உதவியது.

எதிர்பாராதது ஒன்று. மூன்று கட்டுரைகள் ஒரே பழைய ஆய்வை ஆதாரமாகக் காட்டியிருந்தன. மூலத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதில் "இருக்கலாம்" என்றுதான் இருக்கிறது; பின்னால் வந்தவர்கள் அதை "நிறுவப்பட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படியேதான் எழுதிவைத்திருந்தேன். வழிகாட்டியிடம் காட்டி, அந்தப் பத்தியை முழுக்க மாற்றிவிட்டேன்.