மீனா தயாரித்தது, பாசியா தயாரித்தது?

பிடோக்_செல்வி:
முந்தாநாள் 'வாரம் இரண்டு நாள் மீன்' இழையில் பெரியசாமி ஐயா எழுதியதை அப்படியே கீழே ஒட்டுகிறேன்.

"ஒமேகா-3 மீனின் உடம்பில் ஊறுவது. மீன்தான் அதைத் தயாரிக்கிறது. பாசியில் இருக்கிறது என்பதெல்லாம் மாத்திரை விற்கிறவன் கட்டிய கதை."

இதற்கு 47 பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஐயா, மீனில் இருக்கும் ஒமேகா-3 என்பது இபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு கொழுப்பு. அந்த இரண்டையும் உண்டாக்குவது கடலில் மிதக்கும் நுண்பாசி. பாசியைக் கடலில் மிதக்கும் சிற்றுயிர் தின்கிறது, அதை நெத்திலி தின்கிறது, நெத்திலியைப் பெரிய மீன் விழுங்குகிறது. மீன் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாசிக்கும் சாப்பாடு வேண்டும்: நைட்ரேட், பாஸ்பேட், துளி இரும்பு. இதெல்லாம் ஆழத்தில் கிடக்கிறது. பெரு நாட்டுக் கரையில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே பொங்கி வருவதால்தான் அங்கே அவ்வளவு நெத்திலி. 1972இல் கடலின் மேல்நீரைச் சூடாக்கும் எல் நினோ வந்து அந்தப் பொங்கல் தளர்ந்தது. 1970இல் 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல் பிடித்த இடத்தில் 1973இல் 20 லட்சம் டன்கூடத் தேறவில்லை. எல்லாம் மீனின் உடம்பிலேயே ஊறுகிறதென்றால் அது ஏன் பட்டினியில் செத்தது?

தேக்கா_பெரியசாமி:
தங்கச்சிக்கு வணக்கம். மாடு புல் தின்கிறது, பால் கொடுக்கிறது. பாலைப் புல்லா தயாரித்தது?

பெருவில் நெத்திலி போனதற்குக் காரணம் வேறு. கண்மண் தெரியாமல் வாரினார்கள். இதை நான் எந்த இணையத்திலும் படிக்கவில்லை. சிங்கப்பூர் ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் 26 வருஷம், விடிகாலை இரண்டு மணிக்குப் பெட்டி இறக்கிய ஆள் நான். மீனின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தவன் பேசலாம், மற்றவர்கள் கேட்கலாம்.

ஈசூன்_குமரன்:
ஐயா, புல்லைப் பிழிந்தால் பால் வராது. பாசியைப் பிழிந்தால் டிஎச்ஏ வருகிறது. உவமையை மாற்றுங்கள். குழந்தைகளுக்கான பால்மா பலவற்றில் சேர்க்கும் டிஎச்ஏ பாசியிலிருந்து எடுத்ததுதான். என் மகள் மீனை முகர்ந்துகூடப் பார்க்காத வயதில் அதைக் குடித்தாள்.

தேக்கா_பெரியசாமி:
டப்பாவில் எழுதியிருப்பதையெல்லாம் நம்புகிற வீட்டில் நான் என்ன சொல்ல. பாலைப் புல்லா தயாரித்தது?

சைவச்சோறு:
மீனையே விட்டுவிட்டால் இந்தச் சண்டையே இல்லை. தினமும் ஒரு கரண்டி ஆளிவிதைப் பொடி போதும். அதிலும் ஒமேகா-3தான்.

பிடோக்_செல்வி:
அதில் இருப்பது ஏஎல்ஏ, வேறு வகை. அதை நம் உடம்பு இபிஏ, டிஎச்ஏவாக மாற்றுவது மிகக் குறைவு. சைவர்களுக்குப் பாசி எண்ணெய் இருக்கிறது. நான் மீனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

சைவச்சோறு:
எங்கள் பாட்டி 91 வயது வரை இருந்தார். மீன் வாடையே ஆகாது. இதையும் உங்கள் பாடப்புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்_குமரன்:
ஒரு பாட்டியை வைத்து எதையும் சொல்ல முடியாது. அப்புறம் பெரியசாமி ஐயாவுக்கு இன்னொன்று. ஸ்காட்லாந்து வளர்ப்பு சால்மனை ஆராய்ந்தவர்கள் 2006க்கும் 2015க்கும் நடுவில் அதில் இந்த இரண்டு கொழுப்பும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2016இல் வெளியிட்டார்கள். காரணம், தீவனத்தில் மீன் எண்ணெயைக் குறைத்துச் செடி எண்ணெயைக் கூட்டினார்கள். அதே சால்மன்தான், தீனி மாறியது, கொழுப்பும் மாறியது. உடம்பில் ஊறுகிற சரக்கு தீவனத்தைப் பார்த்தா குறையும்? சால்மனால் செடி எண்ணெயிலிருந்து கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடியும், ஆனால் அது போதாது.

தேக்கா_பெரியசாமி:
கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடியுமா? அப்போ தயாரிக்கிறது! எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், குமரன் தம்பி ஒப்புக்கொண்டுவிட்டார். மாட்டுக்கு வைக்கோல் போட்டாலும் பால் குறையும். அதனால் பால் வைக்கோலுடையது ஆகிவிடுமா?

ஈசூன்_குமரன்:
நான் ஒப்புக்கொண்டது கொஞ்சத்தை.

தேக்கா_பெரியசாமி:
கொஞ்சமும் தயாரிப்புதான்.

குளச்சல்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கேரளக் கரையிலும் இந்தப் பொங்கல் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றில் அடித்தண்ணீர் மேலே வரும், பாசி பெருகும், மழை ஓய்ந்ததும் சாளை கொழுத்துப்போய்ச் சட்டியில் எண்ணெய் ஊற்றாமலே பொரியும். சின்ன வயதில் அம்மா சட்டியைச் சாய்த்து அந்த எண்ணெயை வழித்து எங்கள் சோற்றில் விடுவார்.

நாகை_நெத்திலி:
சாளையா? அது மத்தி ஐயா.

குளச்சல்காரன்:
எங்கள் ஊரில் சாளை. உங்கள் ஊரில் என்னவோ சொல்லிக்கொள்ளுங்கள்.

நாகை_நெத்திலி:
தமிழ்நாட்டில் பாதிப் பேர் மத்தி என்பார்கள். இங்கே ஈரச்சந்தையில் தம்பான் என்று சொல்லித்தான் வாங்குகிறோம்.

குளச்சல்காரன்:
தம்பான் வேறு மீன், மத்திக்குச் சொந்தக்காரன் மட்டும்தான். மீன் பெயரில் இருக்கிற ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லை.

பாசிர்ரிஸ்_அகிலா:
சத்து சத்து என்று எல்லோரும் கொண்டாடுகிறீர்கள். 2015 பிப்ரவரி கடைசியில் எங்கள் கடற்கரைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். ஜோகூர் நீரிணையின் கிழக்குப் பக்கம் பாசி கண்டபடி பெருகி, கூண்டுப் பண்ணைகளில் 500 டன்னுக்கு மேல் மீன் செத்தது. நடக்கப் போன இடத்தில் வெள்ளை வயிற்றோடு வரிசையாக ஒதுங்கிக் கிடந்தன. நாற்றத்தில் மூன்று நாள் சன்னல் திறக்கவில்லை. வெயில், தேங்கிய நீரோட்டம், தண்ணீரில் கூடிப்போன சத்து எல்லாம் சேர்ந்து வந்த வினை. பாசி நல்லது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

பிடோக்_செல்வி:
அகிலாக்கா, நல்லது கெட்டது என்று நான் எழுதவே இல்லை. யார் தயாரிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

தேக்கா_பெரியசாமி:
அகிலா சொன்னதைக் கவனியுங்கள். பாசி மீனைக் கொல்கிறது. கொல்கிற சாமான்தான் மீனுக்குச் சத்து கொடுத்ததாம்! பாலைப் புல்லா தயாரித்தது? இதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஈசூன்_குமரன்:
நான் சொன்னேன். மேலே இருக்கிறது. போன தைப்பொங்கல் சமயத்தில் உப்பு விவாதத்திலும் இப்படித்தான். கடலுப்பில் அயோடின் தானாகவே நிறைய இருக்கிறது என்று 30 பதிவு போட்டீர்கள். கடலுப்பில் அயோடின் சொற்பம். மீனிலும் கடற்பாசியிலும்தான் நிறைய உண்டு. கழுத்துக்கழலை வராமல் இருக்க உப்பில் தனியாகச் சேர்க்கிறார்கள் என்று காட்டியதும் இழையையே விட்டுப் போய்விட்டீர்கள்.

தேக்கா_பெரியசாமி:
விட்டுப் போகவில்லை. மருமகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன். இதைக் கிளறுகிறவர் எப்படிப்பட்டவர் என்று மற்றவர்கள் முடிவு செய்யட்டும். அயோடின் கடலில் இருக்கிறதா இல்லையா? கடல் காய்ந்தால் உப்பா இல்லையா?

இழைநிர்வாகி:
தனிப்பட்ட பேச்சு வேண்டாம். தலைப்புக்குள் பேசுங்கள்.

நாகை_நெத்திலி:
மத்தி.

பிடோக்_செல்வி:
நிர்வாகி அவர்களே, தலைப்புக்குள் நான் ஒருத்திதான் இருக்கிறேன். பெரியசாமி ஐயா, கடைசியாக ஒன்று. பால் புல்லில் இல்லை, அதனால் மாடு தயாரிக்கிறது. டிஎச்ஏ பாசியிலேயே இருக்கிறது, அதனால்...

தேக்கா_பெரியசாமி:
தங்கச்சி, பாதிக்கு மேல் படிக்கவில்லை. நீங்கள் பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்கிறவர், மரியாதை இருக்கிறது. ஆனால் கானாங்கெளுத்தியின் செவுளைத் தூக்கிப் பார்த்து, நேற்றைய மீனா முந்தாநாள் மீனா என்று சொல்லத் தெரியுமா? ஞாயிறு காலை ஆறரைக்குத் தேக்கா சந்தைக்கு வாருங்கள், காட்டித் தருகிறேன். குமரன் தம்பியும் வரலாம், டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு.

ஈசூன்_குமரன்:
ஆறரைக்கு மீன் வந்திருக்குமா?

தேக்கா_பெரியசாமி:
வந்திருக்கும். தயாரித்த மீன்தான்.

குளச்சல்காரன்:
அங்கே சாளை கிடைக்குமா?

நாகை_நெத்திலி:
மத்தி என்று கேட்டால் கிடைக்கும்.